முகிலனுக்கு ஒரு கல்லறை

தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன். முகிலன் சாகத்தான் போகிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கும் கதை நடுவில் இருக்கும்போதே இப்படித்தான் உடைந்தது, அதுவும் கல்லறைத் திருநாளன்று, சாமியார் தீர்த்தச் செம்போடு நிற்கும்போது. அதற்குப் பிறகும் நாங்கள் கதையை விடவில்லை.

என் பெயர் எப்சிபா. பூப்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகம் என்றால் இரண்டு பீரோவும் ஒரு நீள மேசையும். வீடு சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்து லைனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. எங்கள் லைனில் முக்கால்வாசி கத்தோலிக்கர்கள். நாங்கள் மட்டும் சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்ட். அதனால் எனக்கு எல்லாத் திருநாளுக்கும் பலகாரம் வரும், எந்த வேலையும் வராது.

லைனிலிருந்து பள்ளிக்குப் போவது டிஜோவின் ட்ரிப் ஜீப்பில். உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று வழியில் போலீஸ்காரர் யாராவது கேட்டால் டிஜோ மலையைப் பார்ப்பான். நான் பின்னால் கதவோரம் உட்கார்ந்து, ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். போன ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து நாங்கள் வாசித்தது ‘எட்டாம் கோட்டை’ என்கிற ஐந்து பாகக் கதை. மேகத்துக்கு மேலே எட்டுக் கோட்டைகள் இருக்கின்றன, எட்டாவதை யாரும் பார்த்ததில்லை. அதைத் தேடி மேகக்குதிரையில் போகிற பையன்தான் முகிலன். அவனுக்கு உயரம் என்றால் பயம். பயந்துகொண்டே பறப்பான். கொண்டைஊசி வளைவுகளில் தினமும் கண்ணை மூடிக்கொள்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்காமல் இருக்குமா?

எங்கள் ஜீப்புக்கு ஒரு சட்டம் உண்டு. கதை ஜீப்பில் மட்டும்தான். பள்ளி வாசல் வந்துவிட்டால் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, நானும்தான். புத்தகம் டிஜோவின் அந்தோணியார் படத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் பூட்டிக் கிடக்கும். வழியில் ஆனை இறங்கி ஜீப் நின்றுவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம், கூடுதலாகப் பத்துப் பக்கம் கிடைக்கும். ஆனை வர வேண்டும் என்று காலையில் ஜெபம் பண்ணிவிட்டு வருகிற பிள்ளைகளை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது.

ஜீப்பிலேயே சின்னவள் ஜோமோள், மூன்றாம் வகுப்பு. டிஜோவின் அக்கா மகள். மாமன் வண்டி என்கிற அதிகாரத்தில் முன்சீட்டில் எங்களைப் பார்த்தபடி முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பாள். கதையில் முகிலன் குதிரை ஏறினால் போதும், “முகிலா, கீழ பாக்காத!” என்று கத்துவாள். கொஞ்ச நாளில் அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. முகிலன் பறக்கும்போதெல்லாம் ஜீப்பே கத்தும். எதிரே வருகிற எஸ்டேட் லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் பாகம் வாங்கி வரச் சொல்லி டிஜோவைப் போடிக்கு அனுப்பினேன். அவன் போடிமெட்டு இறங்கி ஏறி வந்து, பெருமையாக ஒரு பெரிய கெட்டி அட்டைப் புத்தகத்தை நீட்டினான். வழவழ காகிதம், பக்கத்துக்குப் பக்கம் படம். பெயர், ‘எட்டாம் கோட்டை: ஆட்களும் விலங்குகளும்’.

“இது அஞ்சாம் பாகம் இல்லலே,” என்றேன்.

“அது இன்னும் கடைக்கு வரலையாம் டீச்சர். இது அந்தக் கதைக்கே உள்ள படப் புத்தகமாம். நம்ம ஜோமோளுக்கு ஆகும்னு வாங்கிட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதையில் வருகிற ஆட்கள் யார், எங்கே பிறந்தார்கள், கடைசியில் என்ன ஆனார்கள் என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிற துணைநூல் அது. கதையை முழுக்க முடித்தவர்கள் ஆசையாகப் புரட்டிப் பார்ப்பதற்காகப் போடுவது. படம் இருப்பதாலேயே அது சின்னப் பிள்ளைக்கானது என்று கடைக்காரனும் நினைக்கிறான், டிஜோவும் நினைக்கிறான்.

“கதை முடியிற வரைக்கும் இதைத் திறக்கக் கூடாது. கொண்டா, பெட்டிக்குள்ள வைப்போம்.”

“படம் மட்டும் பாக்கட்டும் டீச்சர். சும்மா பேடிச்சுப் பயந்துட்டு இருக்கீங்க. அவ எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசிக்கதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துரும்.”

அதற்குள் ஜோமோள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் மேகக்குதிரை இறக்கையை விரித்து நின்றது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. டிஜோவை மட்டும் முறைத்துவிட்டு வந்தேன்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள்தான் ஒரு எழுத்தையும் விடாமல் வாசிப்பார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த சில நாளில் முன்சீட்டில் சத்தம் நின்றுபோனது. முகிலன் ஏழாம் கோட்டையின் மதில் மேல் பாய்கிறான், ஜீப்பே கத்துகிறது, ஜோமோள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். ஜலதோஷம் என்று நினைத்தேன். பள்ளி வாசலில் இறங்கும்போது என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், கல்லறை இல்லாதவங்களுக்கு எங்க போய் மெழுகுவர்த்தி வைப்பாங்க?”

“எங்க சபையில யாருக்குமே வைக்க மாட்டோம் கண்ணு. உங்க உபதேசியார்ட்ட கேளு,” என்று சொல்லிவிட்டு மணியடிக்கிற அவசரத்தில் ஓடினேன்.

“திருநாளைக்கு நீங்க கல்லறைக்குக் கண்டிப்பா வரணும் டீச்சர்!” என்று பின்னாலிருந்து கத்தினாள்.

கூப்பிட்டபடி நானும் போனேன். நவம்பர் இரண்டு, மத்தியானப் பூசை முடிந்த நேரம். எஸ்டேட் கல்லறை ஒரு சரிவில், ஏலச்செடிகளுக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. லைனே திரண்டிருந்தது. புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, கோழிக்கொண்டைப் பூவும் செவ்வந்தியும் பரப்பி, காற்றில் அணைகிற மெழுகுவர்த்திகளைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து ஜெபித்தபடி வந்தார். இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். யாருடைய கல்லறை என்று உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் பேர் சொல்லி மந்திரிப்பார்.

கடைசி வரிசையின் ஓரத்தில் உபதேசியார் நின்றுவிட்டார். அங்கே ஒரு சின்ன மண்மேடு. ஒரு முழ நீளம்தான் இருக்கும். புது மண். தலைமாட்டில் சில்வர் ஓக் குச்சிகளில் ஒரு சிலுவை, சிவப்பு ரிப்பன் சுற்றிக் கட்டியது.

“இது யாருது?” என்று சாமியார் கேட்டார்.

உபதேசியார் தெரியாது என்று தலையாட்டினார். பிறகு யாரோ ஒரு பெண், “ஐயோ, பச்சப்பிள்ளக் குழியில்லா இது!” என்று கத்தினாள். அவ்வளவுதான். யார் பிள்ளை, எந்த லைன், எப்போது, யாருக்கும் தெரியாமல் யார் புதைத்தது என்று ஆளுக்கு ஆள் பதறினார்கள். ஒருத்தர் போலீசைக் கூப்பிடச் சொன்னார். இன்னொருத்தர் முதலில் தோண்டிப் பார்க்கச் சொன்னார்.

உபதேசியார் குனிந்து, சிலுவையில் செருகியிருந்த அட்டையை வாசித்தார். “முகிலன்.” நிமிர்ந்தார். “சாமி, முகிலன்னு நம்ம பங்குல யாரும் இல்ல. வேற மதத்துப் பேராட்டம் இருக்கு.”

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆனால் என்னை முந்திக்கொண்டு எட்டாம் வகுப்பு ரிஞ்சு அலறினான்.

“டீச்சர்! முகிலன் செத்துருவானா?”

ஜீப் பிள்ளைகள் எல்லோரும் அந்த மேட்டைச் சுற்றி ஓடிவந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள், ரிப்பனைப் பார்த்தார்கள், பிறகு இரண்டு சடையில் ஒன்றில் மட்டும் ரிப்பன் கட்டியிருந்த ஜோமோளைப் பார்த்தார்கள். ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். ரிஞ்சுவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “கதைய உடைச்சிட்டா டீச்சர்! அஞ்சாம் பாகத்த மொத்தமா உடைச்சிட்டா!”

ஜோமோள் அழவில்லை. கையில் இருந்த மெழுகுவர்த்தியைச் சாமியாரிடம் நீட்டினாள். “எட்டாம் கோட்டை வாசல்ல செத்துப்போவான் சாமி. அவனுக்குக் கல்லறை கட்ட யாருமே மிச்சமில்லைன்னு புக்குல போட்டுருக்கு. அதான் நான் கட்டினேன். தீர்த்தம் தெளிங்க சாமி.”

சாமியார் என்னைப் பார்த்தார், நான் டிஜோவைப் பார்த்தேன், டிஜோ வழக்கம்போல மலையைப் பார்த்தான்.

அதற்குள் ஜோமோளின் அம்மா கத்தரீனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏலக்காய் பறிப்பில் அந்த லைனிலேயே வேகமான கை அவளுடையது. அந்தக் கை மகளின் முதுகில் ஒரு அடி வைத்தது. “செத்தவுக கல்லறைக்கு நடுவுல விளையாட்டா உனக்கு? எங்கய்யா படுத்துருக்கிற எடமுலா இது!” என்று இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் நின்று, எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போனாள், வாயால். “சின்னப் பிள்ளைக்குக் குடுக்க புஸ்தகமா டீச்சர் இது? ராத்திரி பூரா அது தூங்காம உருண்டது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது.”

மேட்டைத் தட்டி நிரவிவிடவா என்று உபதேசியார் கேட்டார். சாமியார் கொஞ்சம் யோசித்து, “இருக்கட்டும், மழை வந்தா தானே கரைஞ்சிரும்,” என்றார். தீர்த்தம் தெளிக்கவில்லை. அதற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மறுநாள் முன்சீட்டு காலியாக இருந்தது. ஜோமோளை இனிமேல் கீழ் லைன் ஜீப்பில் அனுப்பப் போவதாகவும், கதை ஓடுகிற வண்டியில் அவள் ஏறக் கூடாது என்றும் கத்தரீனாள் தம்பியிடம் சொல்லிவிட்டாளாம். புத்தகம் பரண்மேல் போய்விட்டதாம்.

லைன் முழுக்க இதே பேச்சு. படம் போட்டால் சின்னப் பிள்ளைக்கு என்றுதானே அர்த்தம் என்றாள் ஒருத்தி. சாவைப் படம் போட்டு விற்பானா என்றாள் இன்னொருத்தி. நூலகத்துப் பீரோவில் இருக்கிற மற்ற புத்தகங்களையும் யாராவது பெரியவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை, “வாங்க, வந்து எல்லாத்தையும் வாசிங்க, பீரோச் சாவியைத் தாரேன்,” என்றேன். பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் நானும் கத்தரீனாள் கட்சிதான். கதை முடியும் முன்னே தனியாக அதன் முடிவில் போய் விழுந்த குழந்தை அது. துணைநூல் சின்னவர்களுக்கு ஆகுமா என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், ஆகாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன், சி.எஸ்.ஐ.யாக இருந்தாலும்.

அந்த வாரமே ஐந்தாம் பாகம் வந்தது. எத்தனை நாள் காத்திருந்த புத்தகம்! பிரித்ததும் அதன் புது வாசனை ஜீப் முழுக்கப் பரவியது. முகிலன் முதல் பக்கத்திலேயே குதிரை ஏறினான். நான் வாசித்து நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை.

“எதுக்கு டீச்சர்?” என்றான் ரிஞ்சு. “எப்படியும் சாகப் போறான்.”

பள்ளி வாசல் வந்தபோது, புத்தகத்தை மூடாதீர்கள் என்று கெஞ்ச யாரும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாயந்திரம் நேராகக் கத்தரீனாள் வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஏலக்காய்ப் பிசின் பிடித்துக் கை கறுத்திருந்தது. உட்காரச் சொன்னாள், கட்டன் சாயா கொடுத்தாள், சண்டைக்குத் தயாராக எதிரே உட்கார்ந்தாள். ஜோமோள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“பிள்ளைய நம்ம ஜீப்புல அனுப்பு கத்தரீனா. அவ இல்லாம கதை ஓடமாட்டேங்கு.”

“உங்க கதை ஓடுததுக்கு எம்பிள்ள தூக்கத்தக் கெடுக்கணுமா? சாவு இன்னதுன்னு அதுக்கு எப்பச் சொல்லணும்னு நான் யோசிச்சு வச்சிருந்தேன் டீச்சர். எங்கய்யா செத்தப்பகூட அத இங்க கூட்டிட்டு வரல, போடியில சித்தி வீட்ல விட்டுட்டேன். இப்ப ஒரு புஸ்தகம் எனக்கு முந்தி சொல்லிப்போட்டு.”

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “அதுக்காகக் கதையே கேக்கக் கூடாதா? பாதியில இறக்கி விட்டா பயம் போயிருமா?” என்று குரலை உயர்த்தினேன். அவள் அதற்கு மேல் உயர்த்தினாள். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள், எங்களைக் கேட்பதற்கு.

“அம்மா,” என்றாள் ஜோமோள் கதவுக்குப் பின்னாலிருந்து.

இரண்டு பேரும் திரும்பினோம்.

“தாத்தா சாகும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்கல்லா? கையப் பிடிச்சுட்டு இருந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லுவீங்கல்லா?”

கத்தரீனாள் தலையை மட்டும் அசைத்தாள்.

“முகிலன் சாகும்போது நானும் பக்கத்துல இருக்கணும்மா. டீச்சர் வாசிக்கும்போது நான் கீழ் லைன் ஜீப்புல இருந்தா, அவன் தனியாத்தான சாவான்?”

கத்தரீனாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் மறுபடியும் துடைத்தாள்.

“நாளைலருந்து போ,” என்றாள் கடைசியில். “ஆனா ஒண்ணு. அந்தக் கதைக்காக நீ ஒரு சொட்டு அழுதேன்னு டிஜோ சொன்னான்னு வையி, அன்னியோட சரி. அந்தப் புஸ்தகமும் கிடையாது, ஜீப்பும் கிடையாது.”

மறுநாள் முன்சீட்டில் ஜோமோள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ரிஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் புத்தகத்தைத் திறந்தேன். முகிலன் குதிரை ஏறினான்.

“முகிலா, கீழ பாக்காத!”

அவள் மட்டும் கத்தினாள். ஜீப் ஒரு நொடி திகைத்து, பிறகு இடிந்து விழுகிற மாதிரி எல்லோரும் கத்தினார்கள். ரிஞ்சுவும்தான். அதன் பிறகு எங்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சாகப்போகிறவன் என்று தெரிந்ததாலோ என்னவோ, அவனுடைய ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தம். அவன் ஒரு சிரிப்புச் சிரித்தால்கூட அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். ஒருநாள் வளைவில் ஆனை நின்றபோது டிஜோவே கைதட்டினான்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் வந்த காலையில், கத்தரீனாள் பூப்பாறையில் சாமான் வாங்க வேண்டும் என்று ஜீப்பில் ஏறினாள். சாமான் ஒன்றுமில்லை, மகளைக் கண்காணிக்கத்தான் வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். முன்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தாள். வெளியே மஞ்சு கட்டி, ரோடு தெரியவில்லை. டிஜோ விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினான்.

நான் வாசித்தேன். எட்டாம் கோட்டையின் கதவு மூடிக்கொண்டே வருகிறது. வெளியே போக வேண்டியவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். யாராவது ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர்கள் தப்பலாம். முகிலன் குதிரையை விட்டு இறங்கி, வாசல் விளிம்பில் நிற்கிறான். காலுக்குக் கீழே மேகம்கூட இல்லை, வெறும் ஆழம்.

டிஜோ ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் தப்பிவிட்டார்கள். முகிலனின் கை தளர்கிறது. அங்கே என் குரல் உடைந்தது. ரிஞ்சு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பின்சீட்டுப் பிள்ளைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தேம்பின. டிஜோ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான், அவன் தோளும் ஆடியது. நான் அடுத்த வரியைத் தேடுகிறேன், எழுத்தெல்லாம் நீந்துகிறது.

ஜோமோள் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தையே பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. மெதுவாக, பக்கத்தில் படுத்திருக்கிறவனிடம் பேசுவது போலச் சொன்னாள்.

“இப்பம் கீழ பாரு முகிலா. பயமில்ல. நாங்கல்லாம் இங்கதான் இருக்கோம்.”

அப்போது முன்சீட்டிலிருந்து ஒரு கேவல் வெடித்தது. கத்தரீனாள்! முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அடக்கவே முடியாமல் அழுதாள். கதையின் ஒரு பக்கம்கூட அதற்கு முன்னால் கேட்காதவள்.

ஜோமோள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “அழுதா அன்னியோட சரின்னு சொன்னீங்க?”

“நீ சும்மா கெட,” என்று அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “வாசிங்க டீச்சர், நிப்பாட்டாதீங்க.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வந்தேன். “கோட்டை இடிந்து விழுந்தது. அவனுக்கு ஒரு கல்லறை கட்ட அங்கே யாரும் மிச்சமில்லை.”

“பொய்!” என்று கத்தினாள் ஜோமோள்.

ரிஞ்சு முழங்காலிலிருந்து முகத்தைத் தூக்கினான். சளியும் கண்ணீருமாக அவனும் கத்தினான். “பொய்! கல்லறை இருக்கு!”

“இருக்கு! இருக்கு!” என்று ஜீப் முழுக்கக் கத்தியது. தகரத்தில் தட்டினார்கள், கம்பியைப் பிடித்துக் குதித்தார்கள். அழுதுகொண்டே இப்படிச் சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. டிஜோ யாரையும் கேட்கவில்லை. அந்தக் குறுகலான ரோட்டில் ஜீப்பை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பி, வந்த வழியே ஏற்றினான்.

மழையில் மேடு பாதி கரைந்திருந்தது. சிலுவை சாய்ந்திருந்தது, ஆனால் ரிப்பன் அவிழவில்லை. பிள்ளைகள் சீருடையோடு உட்கார்ந்து கையால் மண்ணைச் சேர்த்துக் கட்டினார்கள். கத்தரீனாள் முதலில் தன் அப்பாவின் கல்லறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, அங்கே மிச்சமிருந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள். செத்தவர்களுக்காக ஜெபிக்காத சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். பிறக்கவே பிறக்காத ஒருவனுக்காக அதைப் பற்றவைத்தேன். காற்றில் அணைந்தது, ரிஞ்சு கையை மறைப்பாக வைத்தான், மறுபடியும் பற்றவைத்தேன்.

ஜீப்பில் ஏறும்போது கத்தரீனாள் மகளிடம் சொன்னாள். “வீட்டுக்குப் போனதும் பரண்லருந்து அந்தப் புஸ்தகத்த எடுத்துத் தாரேன். இன்னும் யார் யாரு சாவான்னு பாத்து எனக்கு முன்னாடியே சொல்லிரு. இனி இப்படித் திடீர்னு எல்லாம் என்னால தாங்க முடியாது.”

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பீரியட் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நின்றார். சேறு பூசிய கைகளையும் வீங்கிய கண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டார்.

“ஒரு சாவு சார்,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அடடா. சொந்தக்காரங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோமோள் முன்னால் வந்து நின்றாள். “ஆமா சார்,” என்றாள். “ரொம்ப நெருங்கின சொந்தம். நாங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தோம்.”